பென்சிலில் எடுத்த எண்

பழைய காரைப் பார்க்கப் போகிறவர் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். உச்சிப்பொழுதில் எந்தப் பெயிண்டும் பளபளக்கும். இளவெயிலில் பின்விளக்குப் பக்கம் குத்தவைத்து, வண்டியின் விலாவோடு முன்விளக்கு வரை பார்வையை ஓட்டினால் தகட்டின் மேடுபள்ளம் தெரியும். கதவின் கீழ் விளிம்பில் வெளிச்சம் நெளிந்தால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். அந்த இடத்தில் துணி சுற்றிய சிறு காந்தத்தை வைக்கிறேன். தகடு என்றால் பிடித்துக்கொள்ளும். பட்டி கனமாக இருந்தால் வழுக்கி விழும். அந்த நேரத்தில் விற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முகத்தைப் பார்த்தால் தகட்டைப் பற்றிய முடிவு கலங்கிவிடும்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட இந்தக் காய்ந்த சமவெளியில் இரும்பு மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். சென்னையில் உப்புக்காற்று தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். இங்கே வெயிலின் வேலை வேறு. கண்ணாடி ஓரத்து ரப்பர் வெடிக்கும், டேஷ்போர்டு பிளக்கும், கூரையின் பெயிண்ட் மாவாகி விரலில் ஒட்டும். தரைத் தகடு மட்டும் கெட்டியாகவே இருக்கும். ஆகவே "பொறந்ததுல இருந்து ராசிபுரத்தை விட்டு வெளிய போகாத வண்டிங்க" என்று ஒருவர் சொல்லி, மிதியடியைத் தூக்கினால் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை தெரியுமானால், அந்த வண்டி சில காலம் கடலோரத்தில் இருந்திருக்க வேண்டும். அவர் பொய் சொன்னார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அவருக்கு விற்றவர் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

*

ஏலம் இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள், திருச்செங்கோட்டில் பருத்தி, பிலிக்கல்பாளையத்தில் வெல்லம். வண்டி ஏலம் என்றால் ஆயுதப்படை மைதானம்தான் நினைவுக்கு வரும். மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்டவை, அரசுத் துறைகள் கழிவு செய்தவை எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். முன்வைப்புத் தொகை கட்டி, டோக்கன் வாங்கிக்கொண்டு நடந்து பார்க்கலாம். ஸ்டார்ட் செய்து காட்டுவதில்லை. இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஜி.எஸ்.டி. தனி.

அங்கே கேட்பவர்களில் பலர் வண்டியை வண்டியாகப் பார்ப்பதில்லை. எத்தனை கிலோ இரும்பு தேறும் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் சொல்வது, கதை எல்லாம் கழிந்தபின் மிஞ்சும் விலை. எந்தப் பழைய காருக்கும் அந்த விலை ஒன்று அடியில் கிடக்கிறது. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் சொன்னதை நம்பிக் கொடுப்பது. எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் மதிப்பீடு என்கிறோம்.

இன்னொரு வகை ஏலம் மும்பைப் பக்கம் நடப்பது. படங்கள், கேட்டலாக், ஆன்லைனில் கேட்பு. வண்டி அங்கே, நாம் இங்கே. அப்படிப்பட்ட கேட்டலாகில் என்ன எழுதவில்லை என்பதை முதலில் படிக்கிறேன். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகின்றன என்ற வரி இல்லாவிட்டால், பொருந்தவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

*

புதன்சந்தையில் மாடு பிடிக்கிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பல் போடாத கன்று, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், பிறகு கடை சேர்ந்தது. வயதை விற்பவர் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் பல்லோடு நிறுத்துகிறவர் சந்தைக்குப் புதியவர். கொம்பைச் சீவி எண்ணெய் தடவியிருக்கிறார்களா, குளம்பு எப்படித் தேய்ந்திருக்கிறது, நடக்கவிட்டால் பின்னங்காலை எப்படி வைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எல்லா உறுப்பும் ஒரே வயதைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் இளமையாகப் பேசினால் கயிற்றைக் கையில் வாங்கமாட்டார்கள்.

காரிலும் அதே பார்வைதான் வேலை செய்கிறது. பழைய கார்களின் மீட்டர் பெரும்பாலும் ஐந்து இலக்கம். 99,999 ஆனதும் சுழியிலிருந்து மறுபடி தொடங்கும். 38,000 என்று காட்டும் மீட்டர் 1,38,000 ஓடியதாகவும் இருக்கலாம், 2,38,000 ஓடியதாகவும் இருக்கலாம். அதை மீட்டரிடம் கேட்டுப் பயனில்லை. ஆக்சிலரேட்டர் பெடலின் ரப்பர், ஸ்டீயரிங் வளையத்தில் கை பிடிக்கும் இடம், ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் ஆகியவற்றிடம் கேட்க வேண்டும். எனக்குப் பிடித்த சாட்சி ஓட்டுநர் கதவு. அதைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினால் கீல் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். மீட்டரைத் திருப்பி வைத்தவர்கூடக் கீலை மாற்ற நினைப்பதில்லை.

இப்படிப் பார்க்கும்போது மிகவும் சிரமம் தருவது அம்பாசிடர். 1950களின் பிற்பகுதியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில் வந்து, 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை நிற்கும் வரை உருவம் பெரிதாக மாறவே இல்லை. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா, பிறகு இசுஸு இன்ஜின் போட்ட 1800 என்று பெயர்கள்தான் மாறிக்கொண்டிருந்தன. ஒன்றின் கதவு இன்னொன்றில் உட்காரும். ஓட்டியவர்களுக்கு அது வரம். தன்னிடம் இருப்பது முதல் மார்க் என்று ஒருவர் சொல்லும்போது, கிரில்லை மட்டும் பார்த்துத் தலையாட்ட முடியாமல் போவது அந்த வரத்தின் மறுபக்கம். மீட்டர் மைல் கணக்கா கிலோமீட்டர் கணக்கா, கார்புரேட்டர் எந்தக் கம்பெனி, கண்ணாடி ஓரத்தில் என்ன முத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

*

ஸ்டாண்டர்டு ஹெரால்டு பற்றி ஒரு வரி. சென்னையில் 1961இலிருந்து செய்த கார். நாலு கதவு வைத்த ஹெரால்டை உலகத்தில் வேறு எங்கும் செய்யவில்லை. அதன் பாடி, சேசிஸின் மேல் போல்ட் போட்டு உட்கார்த்தியது. பானட் மூக்கோடு சேர்ந்து முழுதாக எழும்பும். இரண்டு வண்டியின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்குவது சுலபம். நம் மண்ணில் பிறந்த கார் என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு சாய்வு உண்டு. ஹெரால்டைப் பார்க்கப் போகும்போது அந்தச் சாய்வைக் கணக்கில் கழித்துக்கொள்கிறேன்.

*

நாமக்கல்லில் லாரி என்றால் சேசிஸ்தான். கம்பெனியிலிருந்து எலும்புக்கூடாக வரும். பட்டறையில் பாடி கட்டுவார்கள். பழைய வண்டிகளுக்குக் கேபினும் இங்கேயே கட்டியதுதான். சில வருஷம் கழித்து அதைக் கழற்றி வேறு பாடி ஏற்றுவார்கள். இன்ஜின் மாறும், ஆக்சில் மாறும், ஓனர் மாறுவார், முகப்பில் எழுதியிருக்கும் குலதெய்வத்தின் பெயரும் மாறும். லாரி அதே லாரி. யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை. சேசிஸில் அடித்த எண்ணும், அந்த எண்ணைத் தொடர்ந்து வந்த காகிதமும் அதை அதே லாரியாக வைத்திருக்கின்றன.

எப்.சி.க்குப் போகும்போது அந்த எண்ணின் மேல் வெள்ளைத் தாளை அழுத்திப் பிடித்துப் பென்சிலால் தேய்ப்பார்கள். கறுப்புக்கு நடுவே எண் வெள்ளையாக எழும்பும். கார் பார்க்கும்போதும் இந்த வழிதான் எனக்கு உகந்தது. போட்டோவில் எண் தெரியும். பென்சில் நகலில் எண்ணின் ஆழம் தெரியும். ஒரு எழுத்து மட்டும் ஆழமாக விழுந்திருந்தால், வரிசை கோணியிருந்தால், எழுத்துக்களைச் சுற்றி ஒரே திசையில் மெல்லிய கோடுகள் வந்தால், அங்கே அரம் ஓடியிருக்கிறது. பழைய எண்ணை ராவிவிட்டுப் புதிய பஞ்ச் அடித்திருக்கிறார்கள்.

இதை ஒரு டிங்கரிங் மேஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரித்தார். "ஏனுங்கண்ணா, நம்பர் சரியா இருந்தா வண்டி சரியாயிருமுங்களா? நம்பரை யாரும் திருத்த வேண்டாமுங்க. நம்பர் இருக்கற துண்டையே அறுத்து எடுத்து வேற வண்டியில வெல்டு வச்சா?" அதன் பிறகு எண்ணைச் சுற்றி ஒரு சாண் தூரம் வரை விரலை ஓட்டுகிறேன். வெல்டு முடிச்சைக் கிரைண்டரால் வழித்திருந்தாலும் தகட்டின் கனம் அந்த இடத்தில் மாறும்.

*

1929லும் 1930லும் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் வென்றது ஒரே கார், பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். போட்டிக்குப் போட்டி அதன் பாகங்கள் மாறின. 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில், 8 லிட்டர் இன்ஜினோடு ஓடும்போது கரையைத் தாண்டிப் பறந்து விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். பிறகு கூபே பாடியோடு மறுபடி எழுந்தது. 1990இல் அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கினார்கள். விஷயம் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிபதி ஓட்டன் கேட்ட கேள்வி எளிமையானது. இந்தக் கார் ஓல்டு நம்பர் ஒன்னாக இல்லாமல் போன நாள் என்று ஒன்று உண்டா? பாகங்கள் ஒவ்வொன்றாகப் போயிருக்கின்றன. 1929இல் பந்தயத்துக்கு வந்தபோது இருந்ததில் மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனால் ஒரு பாகம் போனபோது மற்றவை இருந்தன. வண்டியின் வரலாறு எங்கும் அறுபடவில்லை. முதல் நாளைய நிலையில் இருப்பது என்று இதைச் சொல்ல முடியாது, ஆனாலும் இதுதான் அந்தக் கார் என்று தீர்ப்புச் சொன்னார்.

பட்டறைத் தெருவில் டீ குடித்துக்கொண்டு நிற்கும் எந்த லாரி ஓனரிடம் கேட்டிருந்தாலும், வக்கீல் செலவு இல்லாமல் இதே தீர்ப்பு கிடைத்திருக்கும். ஆனால் அவர் ஒன்று கூடுதலாகக் கேட்டிருப்பார்: மாற்றினதெல்லாம் காகிதத்தில் ஏறியிருக்கிறதா?

*

நம் சட்டம் அந்த நீதிபதியைவிடக் கண்டிப்பானது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பகுதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் என்று ஏற்கிறது. நிபந்தனை, அசல் வடிவில் இருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. 'விஏ' என்ற எழுத்தோடு தனி எண் தருவார்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். தினப்படி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. சேலம் ஜில்லாவில் 50 வருஷம் இன்ஜின் மாறாமல் ஓடிய வண்டி என்றால், அது ஓடாமல் நின்ற வண்டியாகத்தான் இருக்கும். உழைத்த வண்டிக்கு அந்த எண் கிடைக்காது.

*

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மந்திரி குமாரியும் அலிபாபாவும் அங்கே உருவானவை. அதனால் இந்தப் பக்கம் எந்தப் பழைய காருக்கும் ஒரு சினிமாக் கதை சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. "சுந்தரம் முதலாளி ஓட்டுன வண்டிங்க. எம்.ஜி.ஆர். பின்னால உக்காந்து வந்திருக்காருங்க."

சொல்கிறவர் நம்பித்தான் சொல்கிறார். அப்படி ஒருவர் காட்டியது ஃபியட் 1100 டிலைட். அந்த மாடல் இந்தியாவில் வந்தது 1964இல். டி.ஆர். சுந்தரம் காலமானது 1963இல். இதற்குக் காந்தமும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். கதையை மறுக்க ஒரு வருஷம் போதும். நிரூபிக்க நிறைய வேண்டும். பழைய ஆர்.சி. புத்தகம் கையால் எழுதியது, பக்கத்துக்குப் பக்கம் பெயர் மாற்றமும் ரப்பர் ஸ்டாம்பும் இருக்கும். அதில் முதல் பெயர் யாருடையது? வரி கட்டிய ரசீது? படப்பிடிப்புப் போட்டோவில் நம்பர் தெரிகிறதா? 1989இல் பதிவெண் முறை மாறுவதற்கு முந்தைய மூன்றெழுத்து எண்ணே இன்னும் இருக்கிறதா, மறுபதிவில் போய்விட்டதா? எம்.ஜி.ஆரின் அம்பாசிடர், டிஎம்எக்ஸ் 4777, தியாகராய நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. அந்த எண்ணை அவர் காலத்திலேயே ஊர் அறியும். அவ்வளவு வெளிச்சத்தில் இருந்த காருக்கு ஈடாக, 'உட்கார்ந்து வந்தார்' என்ற வாய்ச்சொல்லை வைக்க முடியாது. ஆனாலும் கதையை முழுதாகத் தள்ளுவதில்லை. குறித்து வைக்கிறேன், விலையில் சேர்ப்பதில்லை.

கோயம்புத்தூர் ஜீ.டி. கார் மியூசியத்தில் 1886ஆம் வருஷத்து பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரி ஒன்று உண்டு. மாதிரி என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதன் முன் நிம்மதியாக நின்று பார்க்க முடிகிறது.

*

உலகத்திலேயே அதிக விலைக்குப் போன கார், மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் உலன்ஹாட் கூபே. 1955இல் செய்த இரண்டில் ஒன்று. 2022 மே மாதம் ஷ்டுட்கார்ட்டில் 13.5 கோடி யூரோவுக்குப் போனது. அழகு, அரிது எல்லாம் சரி. எனக்குப் படுவது வேறு: விற்கும் நாள் வரை அதைச் செய்த கம்பெனியின் கையை விட்டே போகவில்லை. இரண்டாவது ஓனர் என்ற சந்தேகமே எழாத கார்.

இதற்கு நேர் எதிராக ஒன்று. பிரான்சில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர், ஒருகாலத்தில் நடிகர் அலென் டெலானிடம் இருந்தது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் தூசியைக்கூடத் துடைக்காமல் மேடையேற்றினார்கள். 1.6 கோடி யூரோவுக்கு மேல். தூசி அங்கே சாட்சி. இத்தனை வருஷம் யாரும் தொடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல கையெழுத்து இல்லை. நம் ஊரில் ஏலத்துக்கு முன் முதல் வேலை, வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, புது பெயிண்ட் அடிப்பது. அந்தப் பெயிண்டோடு பாதி விலை போய்விடுகிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

மேடை ஏலத்தின் சத்தம் பற்றியும் ஒன்று. 2019 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் போர்ஷே டைப் 64 ஏலத்துக்கு வந்தபோது, ஏலம் விட்டவர் 13 மில்லியன் டாலர் என்றது திரையில் 30 என்று ஏறியது. அப்படியே 70 வரை போய்விட்டது. அரங்கம் எழுந்து ஆரவாரம் செய்த பிறகு, 17 என்று திருத்தினார்கள். ஆரவாரம் கூச்சலானது, கார் விற்கவில்லை. மாட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதில் இப்படி ஒரு குழப்பத்துக்கு இடமே இல்லை.

*

கொல்லிமலையில் மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் தன் ஜீப்பை ஏலத்துக்குக் கொடுக்க நினைத்தார். இரண்டாம் உலகப்போர் வண்டி என்பது குடும்பத்தில் வழங்கும் செய்தி. பச்சைப் பெயிண்ட், பானட்டில் வெள்ளை நட்சத்திரம்.

போர்க்கால ஜீப்புகள் 6 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன, வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து. ஃபோர்டு செய்ததில் போல்ட் தலைகளில்கூட 'எஃப்' என்ற எழுத்து பதித்திருக்கும். முன் பம்பருக்குப் பின்னால் குறுக்கே ஓடும் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த 'ப' வடிவம். இரண்டிலும் ஸ்டீயரிங் இடப்பக்கம், கிரில்லில் ஒன்பது இடைவெளி. முன்விளக்கைப் பின்னால் மடக்கினால் இன்ஜினுக்கு வெளிச்சம் கிடைக்கும். மகிந்திரா இங்கே நெடுங்காலம் செய்த சிஜே-3பி வேறு வண்டி: வலப்பக்க ஸ்டீயரிங், ஏழு இடைவெளி, உள்ளே உயரமான இன்ஜின் என்பதால் தூக்கிய மூக்கு. அந்த மூக்கை அறுத்துத் தாழ்த்தி, நட்சத்திரம் வரைந்தால் தூரத்தில் இருந்து ராணுவ ஜீப்தான். வடக்கே மண்டி டப்வாலியில் இதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன.

மலை ஜீப்பின் கிரில்லை எண்ணினேன். ஏழு. பானட்டின் உள்பக்கம் வெல்டு தடம் நீளமாக ஓடியது. போல்ட்களில் எழுத்து இல்லை. மூடியைத் தூக்கினால் மட்டடோர் டீசல் இன்ஜின். பெரியவரிடம் ஆர்.சி. புத்தகம் இருந்தது, இன்ஜின் மாற்றியது அதில் முறையாக ஏறியிருந்தது. சட்டப்படி இது விண்டேஜ் ஆகாது. ராணுவ வண்டியும் அல்ல. ஆனால் சேசிஸ் எண் அரம் படாதது, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. இவ்வளவு நேர்மையான காகிதம் உள்ள வண்டியை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேட்டலாகுக்கு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்: 'மகிந்திரா சிஜே-3பி. வலப்பக்க ஸ்டீயரிங். பானட் பிற்காலத்தில் வெட்டித் தாழ்த்தப்பட்டது. இன்ஜின் மட்டடோர் டீசல், மாற்றம் ஆர்.சி.யில் பதிவானது. சேசிஸ் எண்ணின் பென்சில் நகல் இணைப்பில். ராணுவத் தொடர்புக்குச் சான்று இல்லை.' தொடக்க விலையைப் போர்க்கால ஜீப்பின் விலையில் பாதிக்கும் கீழே வைத்தேன்.

படித்துவிட்டுப் பெரியவர் கேட்டார்: "இப்படி எழுதுனா யாருங்க வாங்குவாங்க?"

"மலையில இருக்கறவங்க வாங்குவாங்க ஐயா. காரவள்ளியில இருந்து சோளக்காடு வரைக்கும் எழுபது வளைவு. பெட்ரோல் இன்ஜின்ல அதை ஏறுனா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியுமுங்க."